கொழும்பின் பாங்கும் எங்கள் வானமும்



ரமழான் நெருங்கி வருகிறது. அதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்த ஒரு பிழையை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தோம். கொஞ்சம் வெட்கமான விடயம். நாங்கள் இருவரும் பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள். ஒருவர் விஞ்ஞானம், ஒருவர் கணிதம். தரம் 10, 11 பிள்ளைகளுக்கு மின்காந்த அலைகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிற வீட்டில்தான் இது நடந்தது. நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு ரமழானில் புதுக் கைத்தொலைபேசி ஒன்று வாங்கினோம். தொழுகை நேரம் காட்டும் செயலி ஒன்றை அதில் இறக்கினோம். லொக்கேஷனைத் திறக்கவா என்று அது கேட்டது. பற்றரி இறங்கிவிடும் என்று 'வேண்டாம்' என்று அழுத்தினோம். செயலி பேசாமல் நேரங்களைக் காட்டியது, நாங்களும் பேசாமல் நம்பினோம்.

ஸஹர் நேரத்தில் எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது செயலியில் இன்னும் ஏழு நிமிடம் மீதி இருக்கும். பேணுதலுக்காகப் பள்ளிவாசலில் கொஞ்சம் முந்திச் சொல்கிறார்கள் என்று நாங்களே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொண்டோம். பிள்ளைகளின் உம்மும்மாவுக்குப் பிரஷரும் சீனி வருத்தமும் இருக்கிறது. பாங்கு கேட்டதும் அவர் தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். "இன்னும் நேரமிருக்கு, குளிசையப் போட்டுத் தண்ணியக் குடிங்க" என்று போனைக் காட்டிச் சொன்னது நாங்கள்தான். படித்த பிள்ளைகள் சொல்கிறார்களே என்று அவரும் குடித்தார்.

ஒன்பது நாள் இப்படிப் போனது. பத்தாம் நாள் மகள் எதற்கோ லொக்கேஷனைப் போட்டாள். செயலியின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் இருந்த 'கொழும்பு' போய், 'காத்தான்குடி' வந்தது. ஸுப்ஹ் நேரம் ஏழு நிமிடம் முன்னுக்கு நகர்ந்தது. அந்த ஒன்பது நாளும் நாங்கள் கொழும்பின் இரவை வைத்துக் காத்தான்குடியில் சாப்பிட்டிருக்கிறோம்.

உம்மும்மா எங்களை ஏசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பள்ளிவாசல்ல பாங்கு சொல்றவர் எங்கட வானத்துக்குச் சொல்றார். உங்கட போன் யார்ட வானத்துக்குச் சொல்லுது?"

மகள் கேட்டது வேறு கேள்வி. "வானொலி அலை, இன்டர்நெட் எல்லாம் கண்மூடித் திறக்க முந்தி வந்து சேரும் என்று நீங்கதானே சொல்லித் தந்தீங்க? பிறகு எப்படி கொழும்பு நேரம் ஏழு நிமிடம் பிந்தும்?"

இரண்டும் ஒரே கேள்விதான். ஊரிலும் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ரேடியோவில் கொழும்பின் பாங்கு பிந்திக் கேட்பது அலை தூரத்திலிருந்து வருவதால் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. ஏன் இல்லை என்று விளங்க, அந்த அலை எப்படி உண்டாகிறது, எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

எங்கள் ஆற்றங்கரையில், அதாவது வாவியோரத்தில், அமைதியான நேரம் தண்ணீரில் ஒரு கம்பை ஊன்றி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கம்பு அதே இடத்தில்தான் நிற்கும். அலை மட்டும் வட்டமாக விரிந்து போகும். கம்பை ஆட்டாமல் சும்மா பிடித்திருந்தால் அலை இல்லை. ஆட்டம்தான் அலையை உண்டாக்குகிறது.

வானொலி நிலையத்தின் கம்பத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். அங்கே ஆடுவது கம்பு அல்ல, கம்பத்தின் உலோகத்துக்குள் இருக்கும் இலத்திரன்கள். மின்னோட்டத்தை மேலும் கீழுமாக மாற்றி மாற்றிச் செலுத்தும்போது அவையும் மேலும் கீழுமாக ஆடுகின்றன. எஃப்.எம். ஒலிபரப்பில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 10 கோடி தடவை, மத்திய அலையில் ஏறத்தாழ 10 இலட்சம் தடவை. இலத்திரனைச் சுற்றி ஒரு மின்புலம் இருக்கிறது. இலத்திரன் ஆடினால் அந்த மின்புலம் மாறும். மாறும் மின்புலம் காந்தப்புலத்தை உண்டாக்கும், மாறும் காந்தப்புலம் திரும்ப மின்புலத்தை உண்டாக்கும். ஒன்றை ஒன்று பிறப்பித்துக்கொண்டே இரண்டும் கம்பத்தை விட்டுப் புறப்பட்டுவிடும். இதற்குத் தண்ணீரோ காற்றோ தேவையில்லை. வெறும் வெளியிலும் போகும்.

இதைக் கணக்காக எழுதிக் காட்டியவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த மக்ஸ்வெல். 1865இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில், இந்த அலையின் வேகம் ஒளியின் வேகத்துடன் பொருந்துகிறது, ஆகவே ஒளியும் இதே வகை அலைதான் என்ற முடிவு இருந்தது. ஜேர்மனியில் ஹேர்ட்ஸ் என்பவர் 1887, 1888ஆம் ஆண்டுகளில் மின்பொறியால் அந்த அலையை உண்டாக்கி, சற்றுத் தள்ளி வைத்த கம்பி வளையத்தில் சிறு பொறி எழுவதைக் காட்டினார். 1895இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் சுவருக்கு அப்பாலிருந்த மணியை இந்த அலையால் அடிக்க வைத்தார். இலங்கையில் 1920களின் தொடக்கத்தில் தந்தித் திணைக்களத்தின் எட்வேர்ட் ஹார்ப்பர் பரிசோதனை ஒலிபரப்பு நடத்தினார். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது.

ஹேர்ட்ஸ் செய்ததை நீங்கள் உங்கள் குசினியிலேயே செய்யலாம். பழைய ரேடியோவில் மத்திய அலையைப் போட்டு, நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வையுங்கள். பக்கத்தில் நின்று கேஸ் அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரை 'டிக்' என்று அழுத்துங்கள். ரேடியோவிலும் 'டிக்' என்று கேட்கும். பொறியில் இலத்திரன்கள் துள்ளின, அலை புறப்பட்டது, ரேடியோவின் அன்ரனாவில் இருந்த இலத்திரன்களை அது ஆட்டியது. ஒக்டோபர், நவம்பரில் தூரத்தில் மின்னும்போது ரேடியோ கரகரப்பதும் இதனால்தான். மின்னலும் ஒரு பெரிய பொறி.

இனி அதன் வேகம். செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர். கொழும்புக்கும் எங்களுக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். அதைக் கடக்க ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. கொழும்பில் ஒலிவாங்கிக்கு முன்னால் பாங்கு சொல்பவரின் குரல், அதே கட்டடத்தின் மறுகோடியில் இருப்பவர் காதுக்கு நேரே போய்ச் சேருவதற்கு முன், அலையில் ஏறி எங்கள் ரேடியோ அன்ரனாவுக்கு வந்துவிடும். ஒலி காற்றில் செக்கனுக்கு 340 மீற்றர் அளவில்தான் நடக்கிறது.

வழி எல்லா அலைக்கும் ஒன்றல்ல. எஃப்.எம். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். மலைநாடு நடுவில் நிற்பதால் கொழும்பிலிருந்து நேரே இங்கு வராது. அதனால்தான் உயரமான மலைகளில் கோபுரம் வைத்து அங்கிருந்து திரும்ப ஒலிபரப்புகிறார்கள். ரூபவாஹினி 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலையில் கோபுரம் வைத்ததும் இதற்காகத்தான். மத்திய அலை நிலத்தை ஒட்டி வளைந்து வரும். உப்புத் தண்ணீருக்கு மேலே இன்னும் நன்றாகப் போகும்.

மத்திய அலைக்கு இரவில் இன்னொரு வழியும் திறக்கிறது. பகலில் சூரியக் கதிர்கள் 60 முதல் 90 கிலோமீற்றர் வரையான உயரத்தில் காற்றணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்து ஒரு படையை உண்டாக்குகின்றன. மேலே போகும் மத்திய அலையை அது உறிஞ்சிவிடும். பொழுது பட்டபின் பிரிந்த இலத்திரன்கள் திரும்பச் சேர்ந்து அந்தப் படை மறையும். அதற்கும் மேலே இருக்கும் படை அலையைத் திருப்பி நிலத்துக்கு அனுப்பும். பகலில் பேச்சு மூச்சில்லாத திருச்சி வானொலி மஃரிப் கழிந்து கொஞ்ச நேரத்தில் எங்கள் பழைய ரேடியோவில் தெளிந்து வருவது இதனால்தான். கரண்ட் இல்லாத அந்த நாட்களில் பற்றரியை வெயிலில் காயவைத்து, இரவில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆகவே மகளின் கேள்விக்கு முதல் பாதி விடை: அலை பிந்தவில்லை. கொழும்பில் சொன்ன கணமே இங்கே கேட்கிறது. செய்மதித் தொலைக்காட்சியில் சில செக்கன், பேஸ்புக் நேரலையில் இன்னும் கூடுதலான செக்கன் பிந்தலாம். ஏழு நிமிடம் பிந்தாது.

பிந்துவது கொழும்பின் சூரியன்.

எங்கள் மூத்தவர்கள் வாவியின் இரு பக்கத்துக்கும் வைத்த பெயரைப் பாருங்கள். கடல் பக்கம் எழுவான்கரை, வாவிக்கு அப்பால் படுவான்கரை. பொழுது எழுகிற கரை, பொழுது படுகிற கரை. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஒரு பாகை சுழல 4 நிமிடம். காத்தான்குடி கொழும்புக்கு ஏறத்தாழ 1.9 பாகை கிழக்கே இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் ஏழரை நிமிடம். நாங்கள் கொஞ்சம் வடக்கேயும் இருப்பதால் பருவத்துக்கு ஏற்ப ஒரு நிமிடமோ சற்றுக் கூடுதலாகவோ ஏறி இறங்கும். விடியல் முதலில் எங்கள் கரையைத் தொட்டு, செக்கனுக்கு ஏறத்தாழ 460 மீற்றர் வேகத்தில் மேற்கே போய், ஏழரை நிமிடத்தில் கொழும்பை அடைகிறது. பொழுது படுவதும் அப்படியே. வானொலி அலை ஒரு செக்கனுக்குள் ஆயிரம் தடவைக்கு மேல் கடக்கும் அதே தூரத்தை விடியலின் ஓரம் ஏழரை நிமிடமெடுத்துக் கடக்கிறது.

சூரிய ஒளி பூமிக்கு வர 8 நிமிடம் 20 செக்கன் எடுக்கிறதே, அதனாலா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. அந்த 8 நிமிடம் கொழும்புக்கும் ஒன்றுதான், எங்களுக்கும் ஒன்றுதான்.

இதில் எங்கள் மனதைத் தொட்ட விடயம் இன்னொன்று. ஸுப்ஹ் நேரத்துக் கீழ்வான வெளிச்சமும் மின்காந்த அலைதான். அந்த நேரம் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை அளவில் இருக்கும். கணிப்பு முறைகளுக்கிடையே இந்தப் பாகையில் சிறு வேறுபாடு உண்டு. அதன் கதிர் நேரே எங்கள் கண்ணுக்கு வர வழியில்லை. ஆனால் எங்களுக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,000 கிலோமீற்றரில், வங்கக் கடலுக்கு மேலே 80 கிலோமீற்றர் அளவு உயரத்தில் இருக்கும் மெல்லிய காற்றில் அந்தக் கதிர் படுகிறது. பட்டதும் அங்குள்ள காற்றணுக்களின் இலத்திரன்கள் செக்கனுக்கு 5 கோடி கோடி தடவை என்ற அளவில் ஆடுகின்றன. ஆடினால் அலை புறப்படும் என்று பார்த்தோமே, அங்கேயும் அதுதான். ஒவ்வொரு காற்றணுவும் ஒரு சின்னஞ்சிறு ஒலிபரப்புக் கம்பம்போல நின்று ஒளியை நாலா பக்கமும் அனுப்புகிறது. அதில் ஒரு துளி எங்கள் கடற்கரைக்கு வருகிறது. கறுப்பு நூலிலிருந்து வெள்ளை நூல் பிரிகிறது என்று குர்ஆன் காட்டும் நேரம் அது.

அப்படியென்றால் ஒவ்வொரு நாளும் ஸஹர் முடிவில் எங்களுக்கு இரண்டு அலைகள் வருகின்றன. ஒன்று கொழும்பின் கம்பத்திலிருந்து. மற்றது வங்கக் கடலுக்கு மேலுள்ள காற்றிலிருந்து. இரண்டும் ஒரே வகை, ஒரே வேகம். முதலாவது கொழும்பின் நேரத்தைச் சொல்கிறது. எங்கள் நேரத்தைச் சொல்வது இரண்டாவது. நாங்கள் முதலாவதைக் கேட்டு இரண்டாவதை விட்டோம்.

இப்தாரில் இந்தப் பிழை யாருக்கும் பெரிதாகத் தெரிந்ததில்லை. எங்கள் பள்ளிவாசல் பாங்கில் நோன்பு திறந்து, கஞ்சிக் கோப்பை பாதியாகும்போதுதான் ரேடியோவில் கொழும்பின் பாங்கு கேட்கும். சின்ன வயதில் அதை இரண்டாவது பாங்கு என்று நினைத்தே கேட்டிருந்தோம். அந்தப் பாங்குக்காகக் காத்திருந்தாலும் ஏழு நிமிடப் பசியோடு போய்விடும். ஸஹரில் அப்படியில்லை. அங்கே ஏழு நிமிடம் பிந்தினால் நோன்பே கேள்விக்குறியாகிறது. மேற்கே இருப்பவர்களுக்கு இது மறுபக்கமாக வரும். இங்கிருந்து கொழும்பில் படிக்கப் போன பிள்ளை ஊர்க் கலண்டரைப் பார்த்து நோன்பு திறந்தால், அங்கே பொழுது பட இன்னும் ஏழு நிமிடம் இருக்கும்.

செயலி ஏன் கொழும்பைக் காட்டியது என்றும் தேடிப் பார்த்தோம். லொக்கேஷனை மறுத்தால் பல செயலிகள் இன்டர்நெட் இணைப்பின் முகவரியை வைத்து ஊரை ஊகிக்கின்றன. நாங்கள் எங்கிருந்தாலும் அந்த முகவரி பெரும்பாலும் கொழும்பென்றே காட்டும். லொக்கேஷனைத் திறந்தால் போன் செய்மதிகளைக் கேட்கும். 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செய்மதிகள் அணுக் கடிகாரம் வைத்துக்கொண்டு, "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது" என்று ஓயாமல் வானொலி அலையில் அறிவிக்கின்றன. அந்த அலை எங்களிடம் வர ஒரு செக்கனின் நூறில் ஏழு பங்கு அளவு ஆகும். நான்கு செய்மதிகளின் அறிவிப்பு எவ்வளவு பிந்தி வந்தது என்று கணக்குப் பார்த்துப் போன் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் 300 மீற்றர் பிழைக்கும். அவ்வளவு நுட்பமான ஏற்பாடு எங்கள் சட்டைப் பைக்குள் இருந்தது. நாங்கள்தான் அதை அணைத்து வைத்திருந்தோம்.

மௌலவி ஒருவரிடம் நடந்ததைச் சொல்லிக் கேட்டோம். கழாச் செய்துவிடுங்கள் என்றார். நாங்கள் ஷவ்வாலிலேயே பிடித்து முடித்தோம். உம்மும்மாவுக்கு அது இலகுவாக இருக்கவில்லை. வைத்தியரிடம் கேட்டு, குளிசை நேரத்தை மாற்றி, உடம்பு சரியான நாளாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிடித்தார். ஒன்பதும் முடிய மாதங்கள் ஆகின. அந்த ஒவ்வொரு நாளும் பாங்கு கேட்டவுடன் அவர் கோப்பையைக் கீழே வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நாளும் எங்களைக் குத்திக்காட்டவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது.

ஆகவே ரமழானுக்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று, உங்கள் வீட்டிலுள்ள எல்லாப் போன்களிலும் செயலியைத் திறந்து மேலே எந்த ஊரின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கொழும்பு என்றிருந்தால் லொக்கேஷனைத் திறங்கள், அல்லது ஊரைக் கையால் தெரிவு செய்யுங்கள். முதியவர்களின் போனை நீங்களே வாங்கிப் பாருங்கள்.

இரண்டு, அதில் காட்டும் ஸுப்ஹ், மஃரிப் நேரங்களைப் பள்ளிவாசலில் தொங்கும் எங்கள் பகுதிக் கலண்டருடன் ஒப்பிடுங்கள். காத்தான்குடிக்கும் ஓட்டமாவடிக்கும் இடையே ஒரு நிமிடம் அளவில்தான் வித்தியாசம் வரும். ஏழெட்டு நிமிடம் வித்தியாசம் இருந்தால் அது வேறு ஊரின் நேரம். கலண்டருக்கும் செயலிக்கும் ஒத்துவராவிட்டால் பள்ளிவாசலில் கேளுங்கள். எங்களைப் போல நீங்களாக ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டாம்.

மூன்று, வானம் தெளிந்த ஒரு நாள் பிள்ளைகளை எழுப்பி, ஸுப்ஹுக்கு அரை மணித்தியாலம் முந்திக் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். தெருவிளக்கு இல்லாத இடமாகப் பார்த்து, கிழக்கே முகம் திருப்பி இருக்கச் சொல்லுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகியபின், கடலின் விளிம்பில் குறுக்காக மெல்லிய வெள்ளை பரவும். பாடப் புத்தகத்தில் அலையை வரைந்து படிப்பதைவிட அது மனதில் நிற்கும். நாங்கள் போன நாளில் உம்மும்மாவும் வந்தார். மணலில் இருந்து பார்த்துவிட்டு, "சரி, இப்பதான் நேரம்" என்றார். கொஞ்சம் கழித்துப் பின்னால் ஊருக்குள் பாங்கு கேட்டது.

எங்களில் பிழை இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். மார்க்கச் சட்டத்தை உலமாக்களிடம் கேளுங்கள், நாங்கள் அலையைப் பற்றி மட்டும்தான் சொன்னோம். அல்லாஹ் எங்கள் எல்லோரின் நோன்புகளையும் ஏற்றுக்கொள்வானாக. உங்கள் துஆவில் எங்கள் வீட்டு உம்மும்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.